ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்த வரலாறு

சென்ற மாதம் நம் சங்கத்தின் கல்வி நிதிக் குழு கூடியபொழுது, நிதித் தொகையை எவ்விடத்தே இட்டுவைப்பது என்பது பற்றி ஒரு வாதம் நிகழ்ந்தது. குழுவினருள் முதியவரும் என் மதிப்பிற்குரியவருமான ஒரு பெரியார், தாம் நன்கறிந்த ஒரு பைனான்ஸ் நிறுவனத்தைக் குறித்து, "அவர்கள் பெயர் எத்தகையது என்பது ஊருக்கே தெரியும். பாங்கியைக் காட்டிலும் நூற்றுக்கு மூன்று ரூபாய் கூடுதலாக வட்டி தருகிறார்கள். அத்தகையவரிடம் போய்க் கணக்குக் கேட்பது மரியாதையாகுமா?" என்றார். அக் கூட்டத்தில் யான் விடையிறுத்திலேன். பெரியவர் சொல்லை அவையில் மறுத்துரைத்தல் எளிதன்று. அன்றியும், வரலாற்றைச் சான்று காட்டவேண்டிய இடத்தில் நினைவில் நின்ற இரண்டொரு செய்தியை மட்டும் உதிர்த்துவிட்டு அமர்தலும் தகாது. ஆதலின் அவர் வினாவுக்குரிய விடையை நம் வெளியீட்டின் வாயிலாகவே கூறத் துணிந்தேன். நேயர்கள் சற்றே பொறுமையுடன் படித்தருள்க.

சென்னைக் கோட்டைக்கு வடக்கே, துறைமுகத்தை நோக்கி நிற்கும் பெருஞ்சாலையை இன்று ராஜாஜி சாலை என்கிறோம். முன்னாளில் அதற்கு முதற் கடற்கரைச் சாலை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை ராஜதானியின் பெருவாணிகம் அச் சாலையையும் அதனையடுத்த தெருக்களையும் சுற்றியே நடைபெற்றது. ஆங்குச் செழித்த ஆங்கிலக் கம்பெனிகளுள் மூன்று தலைசிறந்தன. 1788-இல் தாமஸ் பாரி தொடங்கியது ஒன்று. பாரிமுனை என்று நாம் வழங்கும் பெயர் அவரால் வந்ததே. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளால் பின்னர்ப் புகழெய்திய பின்னி கம்பெனி மற்றொன்று. மூன்றாவது, 1810-இல் நிலைபெற்ற ஆர்பத்நாட் கம்பெனி. பழமையில் பாரி முந்தியதாயினும், பணவலிமையில் ஆர்பத்நாட்டே உறுதியானது என்பது அக்காலத்தார் பெரும்பாலார் கொண்ட கருத்து.

இவை ஏஜென்ஸி கம்பெனிகள் எனப்பட்டன. தொடக்கத்தில் இவற்றின் தொழில் பிறர்பொருட்டு வாணிகம் செய்தலே. நீலமும் பருத்தியும் தோலும் கப்பலேற்றுவர். சீமைச் சரக்கை இறக்கி விற்பர். கப்பலுக்கு இன்ஷ்யூரன்ஸ் செய்து தருவர். உண்டியல் எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கடல் கடத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கட்கோ, தாம் ஈட்டிய பொருளைச் சீமைக்குத் திரும்புங்காறும் வைத்திருப்பதற்கு ஓரிடம் வேண்டியிருந்தது. அறிமுகமான இவ்வணிகரிடமே கொடுத்துவைத்தனர். கொடுத்ததற்கு வட்டியும் கிடைத்தது. இவ்வாறு கடையே பாங்கியும் ஆயிற்று. ஒரு கதவு வழியே பிறர் சேமித்த பணம் உள்ளே வந்தது. மற்றொரு கதவு வழியே அப் பணமே சரக்காகவும் தோட்டமாகவும் கம்பெனிப் பங்காகவும் வெளியே சென்றது. இவ்விரு கதவுகட்கும் இடையே சுவர் ஒன்று இல்லாமையே நாம் இங்குக் கருதத்தக்கது.

அதே நகரில் 1843 முதல் மதராஸ் பாங்கி என்ற மற்றொரு ஸ்தாபனமும் இருந்தது. அதற்கு 1876-ஆம் ஆண்டுச் சட்டம் பல விலங்குகளைப் பூட்டியிருந்தது. அயல்நாட்டு நாணய மாற்றுத் தொழிலில் அது புகுதல் கூடாது. வெளிநாட்டில் கடன் வாங்குதல் கூடாது. நிலத்தின்மீது கடன் கொடுத்தல் கூடாது. இவ்விலங்குகளைக் கண்டு நகைத்தவர் அந்நாளில் உண்டு. ஆர்பத்நாட் கம்பெனிக்கோ விலங்கொன்றும் இல்லை. அது சிலர் கூடி நடத்திய கூட்டாளிகளின் சொந்தத் தொழில். ஆண்டு முடிவில் நம் கடைகளில் பேரேட்டைக் கூட்டிக் கழித்து, உள்ளது இவ்வளவு, கொடுக்கவேண்டியது இவ்வளவு என்று ஒரே தாளில் இறக்கிக் காட்டுகிறோமே, அவ்வைந்தொகையை அச்சிட்டு ஊரறிய வெளியிடவேண்டும் என்ற கட்டாயம் அவர்கட்கு இல்லை. அவர்களும் வெளியிட்டிலர். பணம் போட்டவர்களும் கேட்டிலர்.

ஏன் கேட்டிலர்? இவ்வினாவில்தான் நம் பெரியாருக்குரிய விடை அடங்கியிருக்கிறது. ஆர்பத்நாட் என்ற பெயர் வணிகத்தில் மட்டும் பெரிதாயிருக்கவில்லை. அக் குடியிற் பிறந்த சர் அலெக்சாண்டர் ஜான் ஆர்பத்நாட் என்பார் 1855-இல் இம் மாகாணத்தின் முதற் கல்வித்துறைத் தலைவராக அமர்ந்தவர். 1872-இல் சில திங்கள் சென்னைக் கவர்னர் பதவியையும் தாங்கியவர். பள்ளிக்கூட ஆசிரியனாகிய யான் இதனை எடுத்துக்காட்டுவது வியப்பன்று. கம்பெனியின் தலைமைக் கூட்டாளியாக இருந்த சர் ஜார்ஜ் காஃப் ஆர்பத்நாட்டும் பட்டம் பெற்றவர். நகரத்து ஐரோப்பிய வணிகருள் முன் வரிசையில் எண்ணப்பட்டவர். கவர்னரையும் சர் பட்டத்தையும் ஈன்ற குடியினரிடம், மயிலாப்பூரில் ஓய்வுச் சம்பளத்தில் வாழும் ஒரு தாசில்தாரோ, கணவன் விட்டுச் சென்ற சில ஆயிரத்தை நம்பியிருக்கும் ஒரு கைம்பெண்ணோ, "ஐயா, உங்கள் ஐந்தொகை எங்கே?" என்று கேட்பது எங்ஙனம்? கம்பெனியைப் பற்றி அவர்கள் எல்லாம் அறிந்திருந்தனர். தம் பணம் எங்கே இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் அறிந்திலர்.

அப்பணத்தில் ஒரு பெரும் பகுதி லண்டன் மாநகருக்குச் சென்றிருந்தது. ஆங்கே ஆர்பத்நாட் கம்பெனியின் கூட்டாளியாகிய பாட்ரிக் மக்ஃபேடியன் என்பார் தம் பெயரால் ஒரு கம்பெனி நடத்திவந்தார். சென்னைக் கடைக்கு லண்டன் கை அதுவே. மக்ஃபேடியன் ஊக வாணிகத்தில் ஆழ்ந்து இறங்கினார். நட்டம் வந்தது. வந்த நட்டத்தை ஈடுசெய்ய மேலும் இறங்கினார். வட்டித் தொழிலில் பழகிய நம்மவர்க்கு இதன் முடிவை விரித்துரைக்கவேண்டுவதில்லை. ஒரு கிணற்றில் இரு ஏற்றம் போன்றன இவ்விரு கம்பெனிகளும். அங்கே இறைத்தது இங்கே வற்றிற்று.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 20, சனிக்கிழமை. லண்டனில் மக்ஃபேடியன் நிலத்தடி ரெயிலின் முன் வீழ்ந்து உயிர் நீத்தார். ஞாயிறு ஒரு நாள் இடையே கழிந்தது. திங்கட்கிழமை, அக்டோபர் 22, சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி தன் கடனைத் தீர்க்க இயலாது என்று கூறி, நம் ஊர் வழக்கிற் சொல்வதாயின், மஞ்சள் கடுதாசி கொடுத்தது. ஏறக்குறைய நூறாண்டு நின்ற மாளிகை விழுவதற்கு இரண்டு நாள் போதியதாயிற்று. வீழ்ச்சி இரண்டு நாளில் நிகழ்ந்தது என்பது பார்ப்பவர் கண்ணுக்கே அன்றி உண்மையில் அன்று. உள்ளே பல ஆண்டுகளாகச் செல்லரித்திருந்த தூண் அது.

அடுத்த சில நாட்களில் நகரத்தில் நிகழ்ந்த கலக்கத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், வக்கீல்கள், மிராசுதார்கள், கைம்பெண்டிர் எனப் பல திறத்தாரும் ஒரு கதவின் முன் வந்து நின்றனர். கம்பெனி கொடுக்கவேண்டிய கடனுக்கும் அதன் கையில் இருந்த சொத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருந்தது. இதே காலத்தில் பின்னி கம்பெனியும் ஆட்டங்கண்டது. பிற்காலத்தில் இஞ்ச்கேப் பிரபு எனப்பட்ட ஜேம்ஸ் மெக்கே அதனை எடுத்துக்கொண்டமையால் அது பிழைத்தது. ஆர்பத்நாட்டை எடுக்க ஒருவரும் முன்வந்திலர்.

இது நம் நாட்டுக்குப் புதிய பாடமும் அன்று. 1830 ஜனவரியில் கல்கத்தாவில் பாமர் கம்பெனி என்ற பெரிய ஏஜென்ஸிக் கடை விழுந்தது; 1834-க்குள் அந்நகரத்துப் பெருங்கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. அங்கும் நோய் இதுவே: வைப்புப் பணத்தைக் கொண்டு தாமே வாணிகம் செய்தல். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் சென்னையார் அதனை நினைவில் வைத்திருந்திலர்.

கடன் கொடுத்தவர் பக்கம் நின்று வழக்காட எழுந்தவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். தஞ்சை ஜில்லாத் திருவிசநல்லூரிற் பிறந்து, சென்னை வக்கீல்களுள் முதன்மை பெற்றவர். மிதவாதி, அரசாங்கத்தோடு பகைத்து முழங்கும் இயல்பினர் அல்லர். ஆயினும் ஒரு வெள்ளைக்கார சர் பட்டக்காரரைக் கூண்டில் ஏற்றும் வரையில் அவர் ஓய்ந்திலர். சர் ஜார்ஜின்மீது குற்ற வழக்கு நடந்து, அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. அக்காலத்துச் சென்னையில் இது எத்துணை வியப்பை விளைத்திருக்கும் என்பதை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதும் அரிது. ஆயினும் தண்டனையினால் ஒரு கைம்பெண்ணின் பணமும் திரும்பி வந்திலது.

இவரைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் சொல்லாமற் செல்லலாகாத செய்தி ஒன்று உண்டு. 1907-இல் சுப்பிரமணிய பாரதியாரின் தேசியப் பாடல்களை இவரே தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். பாரதியார் தீவிரவாதி, இவரையொத்த மிதவாதிகளைத் தம் எழுத்தில் கடிந்தவர். அப்படியிருந்தும் பாட்டைக் கேட்டவுடன் கட்சியை மறந்தார் ஐயர். ஒரே ஆண்டிற் பாட்டை அச்சேற்றிய கையே பாங்கி ஒன்றையும் தோற்றுவித்தது. அதனை இனிக் கூறுவல்.

கம்பெனி விழுந்த சின்னாட்களுக்குள், நம்மவர் பணத்தை நம்மவரே காக்கும் ஒரு பாங்கி வேண்டும் என்ற எண்ணம் கிருஷ்ணசாமி ஐயர் முதலாயினாரிடம் உருவாயிற்று. சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியாரின் தமையனார் ராமசாமி செட்டியார் துணை நின்றார். வக்கீல்களின் சொல்வன்மையும் நகரத்தாரின் வட்டித் தொழில் அறிவும் ஒன்று கூடின. 1907 மார்ச் 5-இல் இந்தியன் பாங்கி பதிவு செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 15-இல் தொழில் தொடங்கிற்று. நாற்பதாண்டு கழித்து அந் நாளே நாட்டின் விடுதலை நாளாகும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. 1969-இல் நாட்டுடைமையாக்கப்பட்ட பதினான்கு பாங்கிகளுள் இதுவும் ஒன்று. 2020 ஏப்ரலில் அலகாபாத் பாங்கியும் இதனோடு இணைந்தது.

ஆர்பத்நாட்டிற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை வெள்ளையர், இந்தியர் என்ற நிறத்தில் மட்டும் இருந்தது என்று எண்ணுதல் பிழை. இது பங்குதாரர்களைக் கொண்டு பதிவு பெற்ற கம்பெனி. ஆண்டுதோறும் தணிக்கை செய்த ஐந்தொகையைப் பங்குதாரர் முன் வைக்கவேண்டியது. சுதேசி என்ற பெயர் மட்டும் ஒரு பாங்கியைக் காவாது என்பது ஆறே ஆண்டில் விளங்கிற்று. 1913-இல் லாகூர்ப் பீப்பிள்ஸ் பாங்கி கதவை அடைத்தது. அவ்வாண்டே பம்பாயில் இந்தியன் ஸ்பீஸி பாங்கி, வெள்ளி ஊக வாணிகத்தில் இறங்கி வீழ்ந்தது. தேசபக்தி மிக்க பெயர்களும் சீமைப் பெயர்களைப் போலவே மூழ்கின. பதிவு செய்தமையும் ஐந்தொகை அச்சிட்டமையும் கூடப் போதா. அத் தாளைப் படித்துக் கேள்வி கேட்பாரும் வேண்டும்.

நாணயம் என்னும் சொல் நம் மொழியில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். என் மாணாக்கர் ஆண்டுதோறும் இதனை வியந்து கேட்பர். இரண்டும் ஒரு பெயரால் வழங்குவதனாலேயே இரண்டும் ஒன்று என்று மயங்குவாரும் உளர். அம் மயக்கத்தை யான் நூல்களிற் படித்து மட்டும் அறிந்தவன் அல்லேன். யான் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த காலத்தில், என் தந்தையார் ஓய்வு பெற்றபொழுது கிடைத்த தொகையிற் பாதியை எங்கள் ஊர்ப் பைனான்ஸ் கம்பெனி ஒன்றில் இட்டுவைத்தார். பெயர் கூறேன். நடத்தியவர் கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கியவர். தெருவில் வந்தால் எழுந்து நிற்பர். பதினோரு மாதம் வட்டி தவறாமல் வந்தது. பன்னிரண்டாம் மாதம் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் தமக்கையின் திருமணம் இரண்டாண்டு தள்ளிப்போயிற்று. என் தந்தையார் அதன்பின் அத் தெரு வழியே நடந்ததில்லை. அந் நிறுவனத்தாரை ஒரு சொல் வைததும் இல்லை. "கணக்குக் கேட்க வெட்கப்பட்டேன்" என்று ஒரு முறை மட்டும் சொன்னார்.

இனி, சட்டம் எவ்வாறு மெல்ல மெல்ல விழித்தது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். ஆர்பத்நாட் வழக்கு நடந்தபொழுது சென்னை நகரத்தில் செல்லுபடியாகியிருந்த திவால் சட்டம் 1848-ஆம் ஆண்டினது. அதற்குப் பதிலாக 1909-இல் புதுச் சட்டம் வந்தது. ரிசர்வ் பாங்கி 1935-இல் தோன்றியது. தோன்றி மூன்றாண்டில், 1938 ஜூன் 21-இல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. இரண்டு பாங்கிகள் 1937-இல் இணைந்து உருவான அது தென்னாட்டின் பெரிய பாங்கிகளுள் ஒன்று. அது வீழ்ந்ததற்குத் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் பகையே காரணம் என்பாரும் உளர். நிர்வாகக் குறையே என்பாரும் உளர். அவ்வழக்கில் யான் தீர்ப்புக் கூறப் புகவில்லை.

1949-இல்தான் பாங்கிகட்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. அதன் எட்டாம் பிரிவு, பாங்கி ஒன்று தானே சரக்கு வாங்கி விற்கும் வாணிகம் செய்தலாகாது என்று தடுக்கிறது. ஆர்பத்நாட்டின் இரு கதவுகட்கு இடையே இல்லாதிருந்த சுவர் அந்த எட்டாம் பிரிவே. அது எழும்ப நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. அச்சட்டம் இருந்தும் 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கி மூடப்பட்டது. அதன் விளைவாக ஏற்பட்டதே வைப்புப் பணத்துக்குரிய இன்ஷ்யூரன்ஸ். 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபொழுது, ஒருவருக்கு ஒரு பாங்கியில் 1,500 ரூபாய் வரையே ஈடு கிடைக்கும் என்று வைத்தனர். அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்து 1993-இல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாகவும் ஆயிற்று. ஒரே பாங்கியின் பல கிளைகளிற் பிரித்துப் போட்டாலும், ஒருவர் பெயரில் உள்ள தொகை யாவும் ஒன்றாகவே கூட்டப்படும் என்பதை நம் இல்லத்தார் பலர் அறியார்.

நம் குழுவினர் கருதவேண்டியது வேறொன்றும் உண்டு. இந்த ஈடு பாங்கிகட்கும் கூட்டுறவு பாங்கிகட்குமே உரியது. பைனான்ஸ் கம்பெனியில் இட்ட பணத்துக்கு, அக் கம்பெனி ரிசர்வ் பாங்கியிற் பதிவு பெற்றதாயினும், இந்த ஈடு இல்லை. பெரியார் குறிப்பிட்ட கூடுதல் மூன்று ரூபாய் வட்டி எதற்காகக் கிடைக்கிறது என்று கேட்டால், அவ்வீடு இல்லாமைக்காகவும் ஆம் என்றே விடை கூறவேண்டியிருக்கும். இட்டுவைக்கப் போவது நம் சொந்தப் பணமாயின் அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். இதுவோ, வரும் ஜூன் மாதத்தில் நம் பிள்ளைகள் கல்லூரியிற் கட்டவேண்டிய சம்பளம்.

இக் கட்டுரையின் கைப்படியைப் பெரியாரிடம் முன்னரே காட்டினேன். முழுதும் படித்து, என் தந்தையாரைப் பற்றிய பகுதியில் சற்று நின்று, "அந்த ஆளை எனக்கும் தெரியும்" என்றார். பிறகு தாமே தாளும் பேனாவும் எடுத்து, தாம் பரிந்துரைத்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிவுச் சான்றின் படியும், கடந்த மூன்றாண்டு ஐந்தொகையும், வைப்புத் தொகை எத்தொழில்களிற் போடப்பட்டுள்ளது என்ற விவரமும் அதிற் கேட்கப்பட்டுள்ளன. கடிதம் சென்று பதினெட்டு நாளாகிறது. மறுமொழி இதுகாறும் வந்திலது. குழு அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று மீண்டும் கூடும்.